தீவுக்குப் போகும் பைகள்

ஒருவரை முகத்தை வைத்து எடைபோடும் பழக்கம் சின்னவளுக்கு இல்லை. சட்டைப் பையைப் பார்த்தால் போதும். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றதும் ஒரு சலவைக் கடையில் சேர்ந்தாள். வெளுக்க வரும் துணிகளின் பைகளைத் துழாவி, மறந்துவிட்ட பொருள்களை எடுத்து வைப்பது வேலை. பதினாறு வருஷம் அதையே செய்தாள். மூக்குச் சிந்திய காகிதம், மென்று ஒட்டிய பபிள்கம், பல் குத்திய குச்சி, ஒரு தடவை யாருடையதோ கட்டைவிரல் நகம் முழுசாக. "மனுசங்கன்னாலே எனக்குக் குமட்டுதுக்கா" என்று அக்காவிடம் சொல்வாள். வெளியாட்களிடம் அதையும் சொல்ல மாட்டாள். வெளியாட்களிடம் அவள் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு தபால் அட்டை நிறையாது.

அந்தக் கடையை ஒரேயடியாக மூடிவிட்டதும் அக்கா வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தாள். அக்காவும் அத்தானும் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு பயண அலுவலகம் நடத்தினார்கள். கப்பலில் மூன்று நாள் போனால் ஆளில்லாத தீவுக்கூட்டம் ஒன்று வரும். வருஷத்தில் ஒரே ஒரு பருவத்தில் பெரிய கடற்பறவைகள் அங்கே வந்து தரையில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். அப்போது பன்னிரண்டு பேரை அழைத்துப்போய்ப் பத்து நாள் காட்டுவது அத்தானின் தொழில். அதற்கான திட்டம் ஏழு மாதம் முன்பே தொடங்கிவிடும். அனுமதிக் கடிதம், கப்பல், டாக்டர் சான்றிதழ், யாருக்குக் கீழ்ப் படுக்கை என்ற சண்டை, எல்லாம் அக்கா தலையில். அத்தான் தலையில் தொப்பி மட்டும்.

சின்னவள் தலையில் விழுந்தது பைகள். போகிறவர்களின் மூட்டை முடிச்சையெல்லாம் புறப்படும் முன் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது தீவுக் காவலர்களின் விதி. ஒரு விதை, ஒரு பூச்சி, ஷூ அடியில் ஒட்டிய மண்கூட அங்கே இறங்கக் கூடாது. பார்த்து முடித்த பையை எண் போட்ட பிளாஸ்டிக் பட்டையால் பூட்டி, படிவத்தில் பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். பட்டையும் கையெழுத்தும் சரியாக இருந்தால் காவலர்கள் பையைத் திறக்க மாட்டார்கள். சின்னவளின் கோணல் கையெழுத்தைத் தாண்டிவிட்டால் பிறகு தடுக்க ஆளில்லை.

விதிப் புத்தகத்தில் ஒரு படம் உண்டு. எப்போதோ யாரோ கொண்டுபோன சாமானில் சுண்டெலி ஏறிப் பெருகிவிட்ட வேறொரு தீவு. கூட்டில் ஒரு குஞ்சு உட்கார்ந்திருக்கிறது. அதன் முதுகைச் சுண்டெலிகள் உயிரோடு தின்று குழி ஆக்கியிருக்கின்றன. எதிரி என்று ஒன்றையே பார்த்தறியாத இனம் என்பதால் எழுந்து நகரவும் அதற்குத் தெரியவில்லை. பக்கத்தில் தாய் சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறது. முதல் வருஷம் அதைப் பார்த்த அன்று சின்னவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பக்கத்தை இரண்டு ஊக்கு குத்தி மூடி வைத்தாள். மூடினால் மறந்துவிடுமா?

பைகளைப் பார்ப்பதற்கென்று ஓர் அறை. வெள்ளை விளக்கு, இரும்பு மேசை, மேலே வெள்ளை விரிப்பு. கதவின் அடியில் எறும்பு நுழையாதபடி ரப்பர் பட்டை. அங்கே உட்கார்ந்து, சிறு இடுக்கியால் ஜாக்கெட்டின் ஒட்டுப்பட்டைகளில் சிக்கிய புல்விதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள். பல் விளக்கும் பிரஷ்ஷால் ஷூ அடியைத் தேய்ப்பாள். பறவைக்காக உயிரையே விடுவேன் என்பவரின் ஷூவில்தான் நாய்ப் பீ அதிகம் என்பது ஏழு வருஷத்தில் அவள் கண்ட உண்மை. போன வருஷ மழைக்கோட்டுக்குள் போன வருஷ அவித்த முட்டை இருந்ததும் உண்டு. வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. உங்கள் முட்டைக்குப் பூதக்கண்ணாடி எதற்கு, மூக்கு போதுமே என்று நினைத்துக்கொள்வாளே தவிர வாயைத் திறக்க மாட்டாள்.

அந்த வருஷம் நாலு மணிக்குக் கப்பல். காலை எட்டுக்கே பன்னிரண்டு பேரும் மூட்டைகளை அறையில் இறக்கிவிட்டார்கள். அவர்களில் எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு வந்தவர் கேமராக்காரர். அதனால் அத்தானுக்கு அவர் வைத்ததுதான் சட்டம். அவர் தன் லென்ஸ் பெட்டியை நடுத்தரையில் திறந்து போட்டு, இது இத்தனை தூரம் இழுக்கும், அது அத்தனை தூரம் இழுக்கும் என்று காலை முழுக்கக் கதை அளந்தார். சுற்றிலும் மற்றவர்களின் பைகள் வாய் திறந்து கிடந்தன. மதியம் ஒரு மணிக்குள் சின்னவள் பதினொரு பையைப் பார்த்துப் பூட்டிவிட்டாள். மிச்சம் அவருடையது.

"இந்தப் பெட்டி சுத்தாத நாடே இல்ல, பூதக்கண்ணாடி. எவனும் தொட்டுப் பாத்ததில்ல. அப்படியே பூட்டிருங்க."

சின்னவள் அடியிலிருந்த தடித்த பஞ்சை நெம்பித் தூக்கினாள். மூத்திர வாடை குப்பென்று மூஞ்சியில் அடித்தது. பஞ்சின் மூலையைக் குடைந்து ஒரு பொந்து. உள்ளே மயிர் முளைக்காத, கண் திறக்காத ஆறு எலிக்குட்டிகள், அறுத்தெடுத்த சதைத் துண்டுகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று நெளிந்தன.

"அட, பெட்டி வீட்ல சாமான் ரூம்ல கிடந்துச்சா, அதான்" என்றார் கேமராக்காரர். ஒரு காகிதத்தால் ஆறையும் வழித்தெடுத்து, மேசையில் பாதி டீயோடு இருந்த கப்பில் போட்டார். விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, அதே கையால் தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். "முடிஞ்சுது. பூட்டுங்க."

சின்னவள் உறை மாட்டிய கையால் கப்பிலிருந்து ஒரு குட்டியை எடுத்து விளக்கடியில் பிடித்தாள்.

"தாய் எங்க?" என்றாள்.

அவளுக்குக் குரல் உண்டு என்பதே கேமராக்காரருக்கு அப்போதுதான் தெரிந்தது. சத்தம் கேட்டு அத்தான் உள்ளே வந்தார்.

"தாய் இவரு வீட்லயே நின்னுருக்கும்மா. பெட்டிய தூக்கறப்பவே ஓடியிருக்கும்."

"இல்ல அத்தான். தோல் வழியா வயிறு தெரியுது பாருங்க. வெள்ளையா பால் இருக்கு. கொஞ்ச நேரம் முன்னாடிதான் குடிச்சிருக்கு. பெட்டி இங்க வந்து அஞ்சு மணி நேரமாச்சு. தாய் இந்த ரூம்லதான் இருக்கு."

அறையில் ஒளிய இடம் கிடையாது. மேசையும், காலையில் வாய் திறந்து கிடந்த பதினொரு பைகளும்தான். மூன்று பேரும் பைகளைப் பார்த்தார்கள்.

"மணி ஒண்ணரை" என்றார் அத்தான், பல்லைக் கடித்துக்கொண்டு. "பதினொன்னையும் மறுபடி பிரிக்கப் போறியா? கப்பல் என்ன உன் மாமன் வீட்டு வண்டியா, நிறுத்தி வைக்க? உங்க அக்கா ஏழு மாசம் தூங்காம போட்ட திட்டம். பேசாம கையெழுத்தப் போடு."

"எலி ஏறினா அங்க என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா அத்தான்?"

"இந்த வீட்லதான் நீ இருக்கே. அது எனக்குத் தெரியும். உனக்கும் ஞாபகம் இருக்கட்டும்."

கேமராக்காரர் இன்னொரு பிஸ்கட்டை எடுத்தார். அந்த மெல்லும் சத்தம்தான் சின்னவளைக் கிளப்பிவிட்டது. மேசையிலிருந்த கத்தரியை எடுத்தாள். குனிந்து முதல் பையின் பட்டையை வெட்டினாள். இரண்டாவது. மூன்றாவது. பட்டை அறுந்த பையைக் கப்பலில் ஏற்ற முடியாது என்பது அத்தானுக்கு உறைக்க அவ்வளவு நேரம் ஆனது. நாலாவதில் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"என்ன நடக்குது இங்க?" அக்கா வாசலில் நின்றாள். ஃபோன் வந்ததென்று டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவள். பேசிக்கொண்டே கப்பை எடுக்கப் போனாள். பார்த்தாள். கை அப்படியே நின்றது.

"இதுல என்ன?"

அத்தான் சின்னவளின் மணிக்கட்டை விடாமலே கேமராக்காரரைப் பார்த்தார்.

"என் கப்புல என்னன்னு கேக்கறேன்!"

"எலிக்குட்டிக்கா. இவரு பெட்டியில இருந்தது. இவருதான் போட்டாரு."

அக்கா வெளியே ஓடி, வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். தீவையும் பறவையையும் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

"அவ கைய விடுங்க. எல்லாத்தையும் பிரிக்கட்டும். புதுப் பட்டை நான் எடுத்துட்டு வர்றேன்."

வெளியே காத்திருந்தவர்களை உள்ளே கூப்பிட்டு, அவரவர் பையை அவரவரே விரிப்பில் கொட்டச் சொன்னார்கள். முணுமுணுப்புக்குக் குறைவில்லை. "எலியும் வனவிலங்குதானே சார், கணக்குல சேத்துக்குங்க" என்றார் ஒருவர். நாலு பேர் சிரித்தார்கள். சின்னவள் ஒவ்வொரு துணியாக உதறினாள். காலையில் தொட்ட அதே உள்ளாடைகள், அதே அழுக்குச் சீப்புகள், இன்னொரு தடவை. ஒன்பதாவது பை ஒரு பல் டாக்டரம்மாவுடையது. அதன் அடியில் கம்பளித் தொப்பி ஒன்று சுருண்டிருந்தது. தொட்டாள். உள்ளே என்னவோ துடித்தது. தொப்பியோடு சேர்த்து பிளாஸ்டிக் டப்பாவில் அமுக்கி மூடினாள்.

"கொஞ்சம் தள்ளுங்க, வெளிச்சத்த மறைக்கறீங்க" என்று பின்னால் குரல். கேமராக்காரர் கேமராவோடு குந்தியிருந்தார்.

கப்பில் டீ மூழ்கடிக்காமல் மேலே கிடந்தவற்றில் இரண்டு இன்னும் அசைந்தன. அவற்றையும் டப்பாவுக்குள் தாயிடம் போட்டாள். எல்லாப் பைகளையும் திரும்பப் பூட்டும்போது மணி மூன்றரை. லென்ஸ் பெட்டி இங்கேயே இருக்கும் என்று அக்கா சொல்லிவிட்டாள். கேமராக்காரர் லென்ஸ்களைத் துடைத்துத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். படிவத்தில் 'பையில் கண்டவை' என்று ஒரு கட்டம் உண்டு. கேமராக்காரரின் தாளில் அந்தக் கட்டத்துக்குச் சின்னவளின் பேனா போனதும் அத்தான் பாய்ந்தார்.

"அதான் பிடிச்சாச்சே! அத எதுக்கு எழுதற? எலி கொண்டாந்த ஆள அவங்க இறங்கவே விடமாட்டாங்க. இவரு போயிட்டா அடுத்த வருஷம் எட்டுப் பேரு போச்சு. காலியா விடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

இப்போது அவர் குரல் கெஞ்சியது. அதட்டியபோதுகூட அவள் இவ்வளவு அருவருப்பு அடையவில்லை. ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்: 'தாய்ச் சுண்டெலி 1. குட்டி 6. லென்ஸ் பெட்டியில் கூடு.' கீழே கையெழுத்துப் போட்டாள். தாளை உறையில் வைத்து ஒட்டி, கப்பல்காரர் கையிலேயே கொடுத்தாள். பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு ஊர் எல்லைக் குப்பைமேட்டுக்கு நடந்தாள்.

நாலாம் நாள் கப்பலிலிருந்து அத்தானின் ஃபோன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். காவலர்கள் பதினொரு பேரை இறக்கிவிட்டார்கள். கேமராக்காரருக்குப் பத்து நாளும் கப்பல் தளம்தான். அங்கிருந்தே எல்லாரையும் ஏசிக்கொண்டிருக்கிறார்.

"நான் வர்றதுக்குள்ள அவள வீட்ட விட்டு அனுப்பிடு" என்றார் அத்தான்.

சின்னவள் கதவோரம் நின்றாள். தன் துணிமணிகளுக்கு ஒரு பை போதும் என்று மனம் அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது.

"அனுப்பிடறேன்" என்றாள் அக்கா. "அடுத்த வருஷம் பன்னெண்டு பேரோட ஜட்டியையும் ஷூவையும் நீங்க பிரிச்சுப் பாருங்க. ஒரு மூட்டை பிரிச்சு முடிச்சுட்டு எனக்கு ஃபோன் பண்ணுங்க."

அந்தப் பக்கம் காற்று இரைந்தது. அத்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சரி, சாப்டியா?" என்றார்.