எதிர்வீட்டைச் சொல்லாத மனு

சொத்துவரியை உயர்த்திய அறிவிப்பு வந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, மகிழ்ச்சிதான் வந்தது. வருவாய்த் துறையிலிருந்து ஓய்வுபெற்றவனுக்கு மேல்முறையீடு செய்ய ஒரு காரணம் வீடு தேடி வருவது அடிக்கடி நடக்கிற காரியமல்ல. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பென்சிலும் கையுமாக உட்கார்ந்து இருமுறை படித்தேன். பிழை ஒன்றும் இல்லை. அது மட்டும் சற்று ஏமாற்றம்.

எதிர்வீட்டுக்காரர் அம்மையார்குப்பத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர். அவர் வீட்டையும் என் வீட்டையும் ஒரே மேஸ்திரி, ஒரே வரைபடத்தை வைத்து ஒரே கோடையில் கட்டினார். கேட்டின் நிறம்தான் வேறு. தெருவைக் கடந்து போய் அவருக்கு வந்த அறிவிப்பைக் கேட்டேன்.

"ஆங், வந்துச்சு சார். நமக்குக் கம்மியாத்தான் போட்டுகிறாங்க. எல்லாம் உங்க கைராசி" என்றார்.

என் வரியில் முக்கால் பங்குகூட இல்லை. அதைப் பார்த்த வேகத்தில் கைராசியை நான் காதில் வாங்கவில்லை.

அன்று மாலைக்குள் பதினோரு காரணங்களோடு மனு தயார். முதல் காரணம் எதிர்வீடு. ஒரே மாதிரியான இரண்டு வீடுகளுக்கு ஏன் இரண்டு வரி என்பதை எந்த ஆணையராலும் விளக்க முடியாது. மீதிப் பத்தும் அதற்குத் துணைக்குப் போகிறவை.

வரிச் சீராய்வின்போது நான் கொடுத்த சுயமதிப்பீட்டுப் படிவத்தின் நகலை மனுவோடு இணைக்க வேண்டும். என்னிடமிருந்த நகலை மிகவும் பத்திரமாக வைத்திருந்ததால் கிடைக்கவில்லை. மறுநாள் கிருத்திகை. கடைத்தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். மொட்டைத் தலைகளுக்கும் காவடிகளுக்கும் வழிவிட்டு நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தே போனேன்.

பில் கலெக்டர் தேடவே இல்லை. மேசை இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். "இத தனியா எடுத்து வெச்சிக்கிறோம் சார். படிவம் எழுதத் தெரியாம வர்றவங்களுக்கு மாதிரிக்குக் காட்டறது."

என் கையெழுத்துதான். அளவு பிசகாமல் வரைந்த படம், வடக்கைக் காட்டும் அம்புக்குறி, தசமப் புள்ளி வைத்த நீள அகலங்கள். சுவர்களை வெளிப்புறமாக அளந்திருந்தேன், விதி அப்படித்தான். அதோடு நிறுத்தாமல், கூரையே இல்லாத மாடிப்படியைக் கட்டடப் பரப்பில் சேர்த்திருந்தேன். பின்பக்கம் துணி துவைக்கும் மேடையையும் சேர்த்திருந்தேன். விதியில் அதற்கு இடமே கிடையாது.

"நீங்க எழுதினதத்தான் நாங்க போட்டோம். உங்க தெருப் படிவம் பூரா ஒரே கையெழுத்து சார். மத்ததெல்லாம் கொஞ்சம் சுருக்கமா இருந்துச்சு" என்றார் பில் கலெக்டர். சிரித்த மாதிரியும் இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது.

கைராசி அப்போதுதான் விளங்கியது. தெருவில் எல்லோருக்கும் படிவம் எழுதிக் கொடுத்தவன் நான். ஒருவர் காபி கொடுத்து, டேப்பின் மறுமுனையையும் பிடித்துக்கொண்டு, "பாத்து எழுதுங்க சார்" என்றால், டேப் தானாகச் சுவரின் உட்புறத்துக்குப் போய்விடும். என் வீட்டில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. எதிர்வீட்டில் இன்னொன்றும் உண்டு. பின்னறையில் இரண்டு விசைத்தறிகள் ஓடுகின்றன. தொழில் நடக்கும் இடமென்றால் வரி விகிதமே வேறு. 'பொருள் வைக்கும் அறை' என்று எழுதியிருந்தேன். தறியும் ஒரு பொருள்தானே என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றிய விளக்கம்.

என் முதல் காரணத்தைப் படிக்கும் ஆணையர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். இரண்டு வீட்டையும் அளக்க ஆள் அனுப்புவார். அவர் நாற்காலியில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் உடனே எதிர்வீட்டில் சொன்னாள். அவர் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"எங்க வூட்டக் காட்டித்தான் எழுதப் போறீங்களாமே சார், அக்கா சொன்னாங்க."

"இன்னும் முடிவு பண்ணலப்பா."

"அளக்க வந்தாங்கன்னா தறிய எங்க சார் வெக்கிறது? கட்டிலுக்கு அடியிலயா? ரெண்டு தறியிலதான் குடும்பமே ஓடிகினு கீது."

"பேசாம கேட்ட வரியக் கட்டிடுங்க" என்றாள் மனைவி.

"தப்பான வரிய ஏன் கட்டணும்?"

"தப்பு யாரு பண்ணது?"

கையிலிருந்த மனுவை மேசைமேல் போட்டேன்.

கெடு முடியும் நாள்வரை மனு மேசையிலேயே கிடந்தது. எதிர்வீட்டுத் தறியின் சத்தம் இத்தனை ஆண்டுகளில் என்னைத் தொந்தரவு செய்ததில்லை. அந்த வாரம் செய்தது. கடைசி நாள் காலையில் முதல் காரணத்தை அடித்து நீக்கினேன். அது போனதும் துணைக்கு வந்த பத்தும் நிற்கவில்லை. புதிய தாளில் ஒரே காரணம் எழுதினேன்: மனுதாரர் தமது கவனக்குறைவால் மாடிப்படியையும் துவைக்கும் மேடையையும் பரப்பில் சேர்த்துவிட்டார். பணியில் இருந்தபோது எத்தனையோ எழுத்தர்களிடம் 'கவனக்குறைவு' என்று எழுதி விளக்கம் கேட்டிருக்கிறேன். என் பெயருக்கு நேராக அந்தச் சொல்லை எழுதுவது அதுதான் முதல் தடவை.

பில் கலெக்டர் அளக்க வந்தார். எதிர்வீட்டுக்காரர் தறிகளை நிறுத்திவிட்டு ஓடி வந்து, யாரும் கேட்காமலே டேப்பின் மறுமுனையைப் பிடித்தார்.

"உங்க வூட்லயும் ஒருவாட்டி அளந்துடலாமா?" என்றார் பில் கலெக்டர் அவரிடம்.

"அதான் சார் அளந்து குடுத்துட்டாருங்களே. சாரு அளந்தா தப்பாவா இருக்கும்?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"மாடிப்படியோட அகலத்த எழுதிக்கோங்க" என்றேன்.

வரியைக் கொஞ்சம் குறைத்து ஆணை வந்தது. 'மனுதாரர் தமது தவறைத் தாமே ஒப்புக்கொண்டதன் பேரில்' என்று தொடங்கும் பத்தியை மனைவி தன் தங்கைக்கு போனில் படித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. இன்னொரு முறை, நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.