செவ்வாயும் வெள்ளியும் வரும் டீசல் கார்

செவ்வாய்க்கிழமை காலை, வழக்கமான நேரத்துக்கு, வழக்கமான சத்தத்தோடு கார் எங்கள் வாசல் படலையில் வந்து நின்றது. தகரப் பெட்டிக்குள் சிரட்டைகளைப் போட்டுக் குலுக்குவது போன்ற அந்தப் பழைய டீசல் எஞ்சினின் சத்தம், சந்தியில் திரும்பும்போதே எங்கள் குசினிக்குள் கேட்கும். மருந்துப் பையையும் சுடுதண்ணீர்ப் போத்தலையும் தூக்கிக்கொண்டு, "வாறம் அக்கா, வாறம், ஹோன் அடியாதேங்கோ" என்று சொல்லியபடி வெளியே வந்தேன். சாரதி ஆசனத்தில் பரமேஸ்வரி அக்கா இல்லை. அவருடைய தம்பி நேசன் இருந்தார்.

"அக்கா விடியப்புறம் மோசம் போயிட்டா, ரீச்சர்," என்றார். "நித்திரையிலைதான். டொக்டர் வந்து பாத்திட்டார். தனக்கு என்ன நடந்தாலும் கார் நிக்கக்கூடாதெண்டு முந்தியே சொல்லி வைச்சவ. அண்ணையை ஏத்துங்கோ. ஆஸ்பத்திரியிலை விட்டிட்டு வந்துதான் மிச்ச அலுவல்."

பையைக் காருக்குள் வைத்துவிட்டு, என் கணவரைக் கூட்டிவர உள்ளே ஓடினேன். அவருக்குச் சிறுநீரகம் பழுதான நாளிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஒரு முறை தவறினாலும் கால் வீங்கி, மூச்சு முட்டத் தொடங்கிவிடும். மூன்று வருடங்களாக நீர்வேலியிலிருந்து அவரைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தவர் அக்காதான். முழங்கால் நோவு கூடிய பிறகே தம்பியிடம் இடைக்கிடை ஸ்ரேறிங்கைக் கொடுத்தார். செத்த அன்றைக்கும் காரை அனுப்பிவைத்த மனுசியைப் பற்றி நான் எழுதாமல் யார் எழுதுவது?

அக்காவும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். அவர் கணிதம், நான் தமிழ். நியமனம் கிடைத்த புதிதில் நான் பஸ்ஸுக்கு நின்று வாடுவதைப் பார்த்து, "நீர் என்னோடை ஏறும், வசந்தி. ஆனா ஒண்டு, அவசரப்படக்கூடாது," என்றார். ஏறிய பிறகுதான் அதன் பொருள் விளங்கியது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சூடேறுவதற்கு ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது அணையும்வரை அக்கா கண்ணை மூடிக் கும்பிடுவார். விளக்கு அணைந்த பிறகும் கொஞ்சம் கும்பிடுவார். பிறகுதான் ஸ்ராட். முதல் மணி அடித்துவிடும் என்று நான் நெளிவேன். "மணி அடிச்சா அடிக்கட்டும். குளிர் எஞ்சினை எழுப்பிறது நித்திரைப் பிள்ளையை எழுப்பிற மாதிரி," என்பார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை, கலியாணமும் செய்யவில்லை. அந்தக் காரைத்தான் எழுப்பிக்கொண்டிருந்தார்.

பிறகு போரும் அதோடு பொருளாதாரத் தடையும் வந்தன. சவர்க்காரம் இல்லை, பெற்றோல் இல்லை, பற்றரி என்ற சொல்லையே மறந்துபோனோம். ஊரில் இருந்த பெற்றோல் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயைக் குடித்துக் கரும்புகை கக்கிக்கொண்டு திரிந்தன, பிறகு ஒவ்வொன்றாகக் கொட்டில்களுக்குள் படுத்துவிட்டன. அக்காவின் பற்றரியும் செத்தது. ஆனால் அந்தக் கால டீசல் எஞ்சினுக்கு ஒரு குணம். ஒருமுறை அடித்துவிட்டால், அதாவது ஸ்ராட் ஆகிவிட்டால், பிறகு பற்றரி தேவையில்லை. உருட்டி விட்டாலே அடிக்கும். உருட்ட ஒரு சரிவு வேண்டும் என்பதுதான் சிக்கல். யாழ்ப்பாணத்தில் சரிவுக்கு எங்கே போவது? சப்பாத்திப் பலகை போன்ற ஊர் இது.

அக்கா தன் வளவுக்குள் ஒரு மேடு கட்டினார். கல்லும் மண்ணும் நிரப்பி, மேலே சீமெந்து பூசி, படலையைப் பார்த்த மாதிரி ஒரு சரிவு. காரைப் பின்பக்கமாக ஏற்றி வைத்திருப்பார். காலையில் பிரேக்கை விட்டால் அது தானாக இறங்கி, படலைக்கு வரும்முன் அடித்துவிடும். வாசலுக்கு நேரே மேடு கட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று மேசனே தடுத்துப் பார்த்தார். "எனக்கென்ன குடும்பமே? இங்கை நேசன் மட்டும்தான். அவனுக்கு ஆகாட்டிப் பறவாயில்லை," என்றாராம். நேசன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஊரே இடம்பெயர்ந்தபோது அந்தக் கார் சனத்துக்கு நடுவே நடைவேகத்தில் தென்மராட்சிக்குப் போனது. உள்ளே நடக்கமாட்டாத கிழவிகள், மேலே மூட்டைகள். வேறு வாகனங்கள் கொதித்து நிற்க, அக்கா பள்ளத்தில் தேங்கிய மழைத்தண்ணீரைப் போத்தலில் மொண்டு வார்த்து வார்த்து ஓட்டினார். நான் பின்னால் தள்ளிக்கொண்டே நடந்தேன் என்று பெருமையாகச் சொல்லலாம். உண்மையில் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அந்தக் கார் இத்தனை வருடம் ஓடியதற்கு மந்திரம் ஏதும் இல்லை. அக்கா டீசலை நேசனின் பழைய வேட்டியில் வடித்துத்தான் ஊற்றுவார். வேட்டி இல்லாமல் போகிறதே என்று நேசன் முணுமுணுத்தால், "வேட்டி கிழிஞ்சா வேறை வாங்கலாம்," என்பார். எண்ணெய் மாற்றும் நாளை ஒருபோதும் தள்ளிப்போட்டதில்லை. கறுத்த பழைய எண்ணெயைக் கறையான் வராமல் எங்கள் வீட்டுக் கூரை மரங்களுக்குப் பூசக் கொடுப்பார். அதனால் எங்கள் வீடு முழுக்க அந்தக் காரின் மணம்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவருடைய தங்கை கனடாவிலிருந்து வந்தபோது, மகன் புத்தம்புது டீசல் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்தான். கோயிலுக்கும் கடைக்குமாக ஓடிக்கொண்டிருந்த கார், ஒருநாள் ஏதோ விளக்குகளைக் காட்டிவிட்டு மெல்ல ஊரத் தொடங்கியது. புகைக் கரியைப் பிடிக்கிற வடிகட்டி அடைத்துவிட்டதாம். நீண்ட தூரம் சூடாக ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து போகுமாம். பையன் காரைத் திட்டினான். அக்கா திட்டவில்லை. "அதிலை பிழை இல்லையடா. அது தூர ஓடப் பிறந்தது. நீ அதைக் கோயிலடியிலை கட்டி வைச்சா மூக்கடைக்கும்தானே," என்றார். பலாலி வீதியால் நன்றாக ஓட்டிவிட்டு வரச் சொன்னார். விளக்கு அணைந்ததென்று பையனே வந்து சொன்னான்.

என் கணவரின் சிறுநீரக வருத்தம் தெரிந்த முதல் வாரம், நான் அக்காவிடம் போய் அழுதேன். ஒவ்வொரு முறையும் உங்களைக் கரைச்சல்படுத்த எனக்கு முகமில்லை என்றேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "விசர்க்கதை கதையாதையும். பென்சன் எடுத்தபிறகு நான் எங்கை போறன், சந்தைக்கும் கோயிலுக்கும்தான். கார் கெட்டுப்போற வழி அது. காருக்குப் போக ஒரு இடம் வேணும் வசந்தி. உம்மடை மனுசன்தான் என்ரை காருக்கு இடம் குடுத்திருக்கிறார்." அதன்பிறகு நான் நன்றி சொன்னதே இல்லை. சொன்னால் ஏச்சு விழும்.

தங்கை கனடாவிலிருந்து வந்து சேரவேண்டும் என்பதால் தகனம் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போனது. வெள்ளிக்கிழமை. நான் அக்காவுக்காக அழுதுகொண்டே அந்த நாளை எண்ணிப் பயந்தேன். என் கணவர் ஒரே பிடியாக நின்றார். "அக்காவை அனுப்பிப்போட்டு சனிக்கிழமை பாப்பம். நான் வெள்ளிக்கிழமை போகமாட்டன்." வியாழன் இரவே அவர் தலையணையை உயர்த்தி வைத்துத்தான் படுத்தார். எனக்குத் தெரியும் அது என்னவென்று.

காலையில் செத்தவீட்டுக்குப் போனோம். பந்தல் போட்டவர்கள் கம்புகளைக் கார் நின்ற மேட்டுக்கு நேரே நட்டிருந்தார்கள். செத்தவீட்டில் அந்த வீட்டுக் கார் ஓடும் என்று யார் நினைத்தார்கள்? போதாததற்கு, குடைகளைக் காருக்குள் வைத்த யாரோ கதவைச் சரியாக அடைக்காமல் விட, உள்விளக்கு எரிந்து பற்றரி இறங்கிப்போயிருந்தது. நேசன் கிரியைக்குக் கட்டிய வேட்டியோடு வந்து பந்தல்காரரிடம், "உந்த மூண்டு கம்பையும் கழட்டுங்கோ," என்றார்.

அவருடைய பெரிய மாமா எழும்பிவிட்டார். "சவம் வெளிக்கிட முந்தி வீட்டு வாகனம் படலை தாண்டக்கூடாது, தம்பி. ஒரு ஓட்டோவைப் பிடிச்சு அனுப்பு."

"ஓட்டோ பிடிக்கலாம், மாமா. அக்கா அப்பிடிச் சொல்லேல்லை," என்றார் நேசன்.

எனக்கு வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "மாமா, அவ இருந்திருந்தா உங்களையும் சேத்து ஏசிக்கொண்டு இப்ப தெல்லிப்பழையிலை நிப்பா," என்றேன். மாமா தானே போய் ஒரு கம்பின் கயிற்றை அவிழ்த்தார்.

என் கணவரைக் கூடத்துக்குக் கூட்டிப்போனேன். அக்காவின் காலடியில் கும்பிட்டவர் நிமிரவில்லை. "அவ உங்களை இதுக்கே மூண்டு வருசம் ஏத்தி இறக்கினவ? எழும்புங்கோ," என்றேன். அவர் எழும்பி வந்து காரில் ஏறினார். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓட்டுவதற்கு ஏறிக்கொண்டான். நேசன் கொள்ளி வைக்க வேண்டியவர், போகமுடியாது.

பாடை தூக்க வந்தவர்கள் தோள் கொடுத்துக் காரைத் தள்ளத் தயாரானார்கள். நேசன் மேளகாரரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். எஞ்சின் அடிக்கிறதா என்று கேட்க வேண்டுமே. பறை நின்றது. ஒப்பாரியும் நின்றது. கார் மேட்டிலிருந்து மெல்ல இறங்கி, பந்தலின் திறந்த பக்கத்தால் உருண்டு, படலைக்குக் கிட்டப் போய் ஒருமுறை திக்கியது. பிறகு சிரட்டைச் சத்தம் வளவு முழுக்க நிறைந்தது. கார் வாழைத்தோட்டப் பக்கமாகத் திரும்பிப் போன பிறகுதான் பறை திரும்பவும் தொடங்கியது.

பெண்கள் நாங்கள் சுடலைக்குப் போவதில்லை. படலையோடு நாங்கள் விடைகொடுப்பது முடிந்துவிடும். அதனால் நான் கூடத்துக்குள் திரும்பிப் போய், அக்காவின் காதருகே குனிந்து சொன்னேன்.

"அக்கா, கார் அடிச்சிட்டுது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டார். இனி நீங்கள் ஆறுதலா வெளிக்கிடுங்கோ."