டாக்னி தப்பவிட்ட கொலைகாரன்

அந்தப் பாதையில் இருந்த ஒன்பது பண்ணை வீட்டுக்கும் ஒரே டெலிபோன் கம்பி. ஒருவர் எடுத்துப் பேசினால் மற்ற எல்லாரும் கேட்கலாம், கேட்கவும் செய்தார்கள். சஸ்காச்சுவான் சமவெளியின் பனிக்குளிரில் கதவைச் சாத்திக்கொண்டு வேறு என்னதான் செய்வது? அதனால் டாக்னியைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாதது எதுவும் கிடையாது. பன்றிக்கொழுப்பில் வறுக்காத உருளைக்கிழங்கை அவள் உருளைக்கிழங்கு என்றே ஒப்புக்கொள்ள மாட்டாள். கணவன் ஓலாவ் தாடி வைக்கவா என்று கல்யாணமான நாள்முதல் கேட்டுக்கொண்டிருக்கிறான். இன்னும் முகம் மழமழவென்றுதான் இருக்கிறது. ஒன்று சொன்னால் சொன்னதுதான், அவள் ராசி அப்படி.

போர் நடந்த காலம். பண்ணைகளுக்கு மின்சாரம் கிடையாது, ரேடியோ பேட்டரியில்தான் ஓடும். ரேடியோ பேட்டரி எல்லாம் பட்டாளத்துக்கே போயிற்று, கடையில் ஒன்றுகூட இல்லை. வீட்டுக்கு வீடு ரேடியோ ஊமையாகிப் பூச்சாடி வைக்கிற மேசையாயிற்று. டாக்னி வீட்டுக் கூரைமேல் மட்டும் ஒரு காற்றாடி உண்டு. அது சுற்றினால் பேட்டரியில் மின்சாரம் ஏறும். பார்த்தாள் டாக்னி. மாவுப் பீப்பாயைச் சுவரோரம் உருட்டி, அதன்மேல் ரேடியோவை ஏற்றி, டெலிபோனின் வாய்க்கு நேரே நிறுத்தினாள். கைப்பிடியைச் சுற்றி நீளமாக ஒரு மணி அடித்தாள். மற்ற வீடுகளில் ரிசீவரை எடுத்துப் பீங்கான் கிண்ணத்துக்குள் வைத்தார்கள், கிண்ணம் பாடியது. அன்றுமுதல் ஞாயிறு மாலை என்றால் அந்தப் பாதைக்கே விருந்துதான். முதலில் நடனப் பாட்டு, பிறகு சிரிப்பு, பிறகு நாடகம், கடைசியில் ஜெபம்.

கம்பியின் கடைக்கோடி வீட்டில் பராஸ்கா இருந்தாள். அவள் மகன் தாராஸ் இங்கிலாந்தில் பட்டாள முகாமில். வருகிற ஞாயிறு ஜெபம் அவன் முகாமிலிருந்துதான் வரும், பாட்டின் நடு அடியைத் தனியாகப் பாடப்போவது தான்தான் என்று எழுதியிருந்தான். மகன் குரலைக் கேட்டு இரண்டு வருஷமாயிற்று பராஸ்காவுக்கு.

"நான் கேக்க வைக்கிறேன்" என்று டாக்னி சொல்லிவிட்டாள்.

சொன்ன மறுநாள் காற்று நின்றது. தொப்பியையும் துணியையும் கோழியையும் வருஷமெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடுகிற காற்று, அடிபட்ட பாம்பாகக் கிடந்தது. ஞாயிறு மதியம் ஓலாவ் பேட்டரியைச் சோதித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

டாக்னி மணி அடித்தாள். "எல்லாரும் கேட்டுக்கோங்க. இன்னைக்கு ஜெபம் மட்டும்தான்."

"ஏம்மா டாக்னி" என்றார் ஆங்கஸ். கல்யாணமே செய்துகொள்ளாத கிழவர், ஒண்டிக்கட்டை. "வாரம் பூரா மாடுங்களோடதான் பேசிட்டிருக்கேன். ஒரு சிரிப்புக்கு வழியில்லையா?"

"மாடு என்ன சொல்லுது?"

"உன்னைவிட இரக்கமாத்தான் பேசுது."

பள்ளிக்கூட டீச்சர் லோர்னாவும் சேர்ந்துகொண்டாள். "ஒரே ஒரு பாட்டு, அக்கா. ஷூகூட மாட்டிட்டேன்."

"யாரோட ஆடப்போறே?"

"நாற்காலியோடதான். பசங்க எல்லாம் பட்டாளத்துல இருக்காங்களே."

டாக்னி அசைந்து கொடுக்கவில்லை. அப்போதுதான் பராஸ்கா வாயைத் திறந்தாள். "ஏண்டி டாக்னி, எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் போடேன். அதுவரைக்கும் சும்மா உக்காந்திருந்தா என் நெஞ்சு வெடிச்சிரும்."

அவளே கேட்டபின் என்ன செய்வது? ஆளுக்கு ஒரு வாய் ஊட்டுகிற மாதிரி எல்லாவற்றிலும் கொஞ்சம் என்று முடிவாயிற்று.

சாயங்காலம் பாட்டு ஒன்று போனது; எங்கோ ஒரு நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கம்பி வழியே வந்தது. சிரிப்பு நிகழ்ச்சியில், மாமியாரிடமிருந்து சர்க்கரை ரேஷன் கூப்பனை ஒளித்துவைக்கப் பார்க்கிற மருமகன் கதை. வேடிக்கை முடியும் முன்னாலேயே ஆங்கஸ் சிரித்து முடித்துவிட்டார். பிறகு நாடகம். பெரிய மாளிகை, விஷம் குடித்துச் செத்த பணக்காரர். துப்பறிபவர் எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து, "கொலைகாரர் இந்த அறையில்தான் இருக்கிறார்" என்று தொண்டையைக் கனைத்தார்.

ரேடியோவின் சின்ன விளக்கு மஞ்சளடித்தது. டாக்னி டக்கென்று நிறுத்தினாள்.

கம்பியே அறுந்துவிடும்போல எல்லா வீட்டிலிருந்தும் கூச்சல்.

"பேரைச் சொல்ல வாயைத் திறந்தானே, பாவி மக!" என்றார் ஆங்கஸ். "சமையல்காரிதான். எனக்கு அப்பவே தெரியும்."

"வக்கீல்" என்றாள் லோர்னா.

"டாக்டர்தான்" என்றான் பக்கத்திலிருந்த ஓலாவ்.

"ஆளாளுக்கு ஒருத்தரைத் தூக்குல போட்டுக்கோங்க. நான் ரேடியோவைப் போடமாட்டேன்" என்றாள் டாக்னி.

ஜெப நேரம் வந்தது. டாக்னி ரேடியோவைத் திருகி ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டாள். முகாமின் பாட்டு மெலிதாக எழுந்தது.

"டாக்னி, போட்டாச்சா?" பராஸ்கா கேட்டாள். "எனக்கு ஒண்ணுமே கேக்கலயே."

பேட்டரி தளர்ந்த நேரத்தில் ஒரு வாய்க்காலில் ஒன்பது மடை திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எப்படிப் போகும்?

"எல்லாரும் ரிசீவரை மாட்டுங்க" என்றாள் டாக்னி. "பராஸ்கா மட்டும் இருக்கட்டும்."

அவர்களுக்கும் ஆசைதானே. தாராஸ் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோடு ஏரியில் குதித்தவன், அவர்கள் தோட்டத்துப் பட்டாணியைத் திருடித் தின்றவன். ஆனாலும் டக்கென்று ஒரு வீடு மாட்டியது. பிறகு இன்னொன்று. டக், டக்கென்று அடங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு சுவர்க்கடிகாரம் மட்டும் ஓடுகிற சத்தம்.

"ஆங்கஸ், உங்க கடிகாரம் கேக்குது."

"நான் லைன்ல இல்ல."

"அப்ப பேசுறது யாரு?"

"மாடு" என்றது குரல். டக்.

அந்த நேரம் பார்த்து, கூட்டமாகப் பாடியவர்கள் நிறுத்த, ஒற்றைக் குரல் ஒன்று மேலே ஏறியது. டாக்னி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மறுமுனையில் பராஸ்கா தாளம் தப்பி, கூடவே முனகிக்கொண்டு வந்தாள். அடி முடிந்து மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். விளக்கு அணைந்தது. ஜெபத்தின் முடிவில் வரும் ஆசீர்வாதம் யாருக்கும் கிடைக்கவில்லை.

"கேட்டுச்சா?"

மூக்கைச் சிந்துகிற சத்தம் வந்தது. பிறகு பராஸ்கா சொன்னாள்: "சளி புடிச்சிருக்கு அவனுக்கு. மூக்கால பாடுறான். கம்பளிச் சட்டை பின்னி அனுப்பினேனே, போட்டிருக்க மாட்டான்."

"போட்டிருப்பான்டி."

"எனக்குத் தெரியாதா? என் புள்ள." சொல்லிவிட்டுச் சிரித்தாள். இருவரும் இருட்டில் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

போர் முடிந்து தாராஸ் வந்து இறங்கியதும் டாக்னி கேட்ட முதல் கேள்வி சட்டையைப் பற்றித்தான். போடவில்லை என்று ஒப்புக்கொண்டான்.

அந்த நாடகத்தை மறுபடி ஒலிபரப்பவே இல்லை. கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும், கொலைகாரனைத் தப்பவிட்டவள் என்றே டாக்னியை அழைத்தார்கள். அவள் அசரவில்லை. கொன்றவன் தோட்டக்காரன் என்று அடித்துச் சொன்னாள். நாடகத்தில் தோட்டக்காரனே கிடையாது என்று ஒன்பது வீடும், ஓலாவையும் சேர்த்துத்தான், வாதாடிப் பார்த்தது. அவள் மாற்றிக்கொள்ளவே இல்லை.