என் பெயரில் நுழைந்தவர்கள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கம்ப்யூட்டர் திரையில் என் பெயரைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது உண்மை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில், என் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டினால்தான் அந்த இயந்திரம் திறக்கும் என்பது எனக்குப் பட்டம் வாங்கியதைவிடப் பெரிதாக இருந்தது.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கம்பெனிக்கு ஒரே கம்ப்யூட்டர். அதற்கென்று ஒரு கண்ணாடி அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பேண்டேஜ் சுற்றும் பெண்கள் வெளியிலிருந்து என்னை மீன்தொட்டியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

அந்தக் கம்பெனியில் எல்லாச் சாவியும் ஒரே ஆணியில் தொங்கும். சாமி படத்துக்குக் கீழே. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரு சாவியை ஒளித்து வைத்தால் மற்றவர்களைத் திருடர்கள் என்று சொன்னதாக ஆகிவிடும். ஆயுத பூஜையன்று சூப்பர்வைசர் அண்ணாச்சி தாம்பாளத்தோடு வந்தார்.

"தாயி, கம்ப்யூட்டர் சாவியக் குடு. மத்த சாவியோட பூசையில வைக்கணும்லா."

"அதுக்குச் சாவி கெடையாது அண்ணாச்சி. பாஸ்வேர்டுதான்."

"அதத்தான் எழுதிக் குடுங்கேன்."

நான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். என் சீட்டுக்கும் சந்தனம், குங்குமம். பூஜை முடிந்து அதையும் ஆணியில் குத்திவிட்டார்கள். அன்றைக்கு எனக்கு அது மரியாதையாகத்தான் பட்டது.

அதற்குப் பிறகு எல்லோரும் என் பெயரிலேயே உள்ளே போனார்கள். பேண்டேஜை நீராவிப் பெட்டியில் வேகவைத்துக் கிருமி நீக்க வேண்டும். வெந்தால் பொட்டலத்தின் மேல் ஒட்டிய பட்டை கறுக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரில் 'சரி' என்று பதிய வேண்டும். யார் பதிந்தாலும் பக்கத்தில் என் பெயர் விழும். நான் சாப்பிடப் போயிருந்தாலும் திரைக்குள் உட்கார்ந்திருந்தேன்.

மறு ஆண்டு ஆடிப்பூரத்துக்கு விடுப்பு எடுத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்துவிட்டு ஆண்டாள் தேருக்கு இல்லாமல் எப்படி? பத்து நாள் கழித்து ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டிகள் திரும்பி வந்தன. பட்டை வெள்ளையாகவே இருந்தது. நல்லவேளை, அவர்கள் பிரிக்கவில்லை. மேனேஜர் பதிவை எடுத்துப் பார்த்தார். தேர் அன்று, 'சரி'. பக்கத்தில் என் பெயர்.

"நான் அன்னைக்கு வடம் பிடிச்சிக்கிட்டு இருந்தேன் சார். ஊரே பார்த்துச்சு."

"ஊரு பார்த்தா என்ன? கம்ப்யூட்டர் ஒன்னத்தானம்மா பார்த்திருக்கு. வெளக்கம் எழுதிக் குடு. திங்கக்கிழமை முடிவு சொல்லுதேன்."

அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே வந்ததும் மெல்லச் சொன்னார்: "லாரி நின்னுச்சு தாயி. வெந்திருக்கும்னு நெனச்சேன்."

அவரைக் காட்டிக்கொடுக்கலாம். ஆனால் நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. வீட்டில் அப்பா வேலைக்கு அனுப்பும்போதே சொல்லியிருந்தார்: "ஒரு சொல்லு வந்துச்சுன்னா அன்னைக்கோட நிப்பாட்டிருவேன்." நிறுத்தினால் அடுத்தது என்ன என்பதும் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் சேத்தூரிலிருந்து இரண்டு முறை வந்து போயிருந்தார்கள்.

கடிதத்தில் இரண்டே வரி எழுதினேன். 'நான் பதியவில்லை. ஆனால் என் பாஸ்வேர்டை நான்தான் கொடுத்தேன்.'

திங்கட்கிழமை அதைக் கொடுத்துவிட்டு, கேட்காமலேயே இன்னொன்றும் சொன்னேன். அந்த மென்பொருளில் ஆளுக்கொரு பெயர் உண்டாக்க வழி இருக்கிறது. யார் பார்க்கலாம், யார் எழுதலாம், யார் 'சரி' போடலாம் என்று பிரிக்கலாம். புத்தகத்தில் படித்திருக்கிறேன்.

மேனேஜர் கடிதத்தை இரண்டாக மடித்தார். "ஒன்ன அனுப்பிட்டா இத யாரு செய்வா?" என்றார். கடிதம் என் ஃபைலுக்குள் போனது. இன்றும் அங்கேதான் இருக்கும்.

மூன்று நாளில் முடித்தேன். ஆணியிலிருந்த சீட்டைக் கிழித்தேன். அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இத்தன வருசமா சாவி தொங்குது. இப்பம் நாங்கல்லாம் களவாணியாக்கும்?"

"இது ஒங்க பேரு அண்ணாச்சி. ஒங்களுக்கு மட்டும்தான். பாஸ்வேர்ட எங்கிட்டகூடச் சொல்லாதீக."

ஒற்றை விரலால் தட்டினார். திரையில் அவர் பெயர் வந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார். அன்றைய பேட்ச் வந்தது. 'சரி'க்கு மேல் விரல் போய், அப்படியே நின்றது.

"செத்த இரு தாயி," என்றார். "பட்டை கறுத்திருக்கான்னு ஒரு எட்டுப் பார்த்துட்டு வாரேன்."

செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். வெளியே லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணாடிக்குள் நான் உட்கார்ந்திருந்தேன். யாராவது பாஸ்வேர்டை மறந்தால் திறந்துவிட என்னை விட்டால் ஆள் இல்லை. அடுத்த ஆடிப்பூரத்துக்கு எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை.