கெங்கம்மாக்காவும் விழாத கியரும்

பரளச்சி டிரிப்பை முடித்துத் திரும்பும் வழியில் திருச்சுழியில் பஸ்ஸில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் அருப்புக்கோட்டையிலிருந்து வேகுவேகென்று மிதித்து வந்த ஒருவர் வண்டிக்கு முன்னாலேயே சைக்கிளைக் கீழே போட்டார். "சவரி, கெங்கம்மாக்கா போயிட்டாக" என்றார். வேறு யாரோ கெங்கம்மாவைச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். காலையில் தெருமுனையில் நின்று என்னை அனுப்பிவைத்தவர் மத்தியானத்துக்குள் எப்படிப் போவார்? வண்டிக்குள் இருந்த எல்லாருக்கும் அவரைத் தெரியும். இடையில் இறங்க வேண்டியவர்கள்கூட நிறுத்தச் சொல்லவில்லை. அப்படியே அவர் வீட்டு வாசல்வரை வந்து இறங்கினார்கள்.

அந்த வண்டியில் போய்வந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவர் சிடுமூஞ்சி முதலாளியம்மா. ஓசிப் பயணம் என்றால் சொந்த நாத்தனாரையும் இறக்கிவிடுவார். மடியில் வைத்திருக்கும் ஆட்டுக்குட்டிக்கும் டிக்கெட் கேட்பார். கேட்காமல் என்ன செய்வார்? புருஷன் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு மிஞ்சியவை ஒரு மகளும், நூல் கிடைக்காமல் நின்றுபோன தறியும், இந்த ஒற்றை பஸ்ஸும்தான். எனக்கு அந்த வண்டியின் ஸ்டியரிங்கைத் தவிர வேறு பிழைப்பு இல்லை. ஆக, இரண்டு வீட்டு அடுப்பும் ஒரே எஞ்சினில்தான் எரிந்தது.

அந்த எஞ்சின்தான் யுத்தம் முடிந்த கையோடு செத்தது. பெட்ரோல் கிடைக்காத வருஷங்களில் வண்டியின் பின்னால் கரி உலையைக் கட்டி, அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினோமே, அந்தக் கரித்தூசி அதை உள்ளுக்குள்ளேயே அரித்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் மதுரையில் அதிகாரி முன்னால் வண்டியை ஓட்டிக் காட்டாவிட்டால் பெர்மிட் ரத்து என்று ஓலை வந்தது. அந்த வழித்தடத்துக்குப் பெரிய கம்பெனி ஒன்று வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.

ராணுவம் கழித்துப்போட்ட லாரியிலிருந்து அதே ரக எஞ்சின் ஒன்று கிடைத்தது. பட்டறையில் விட்டால் வெள்ளிக்கிழமைக்குள் ஆகாது என்று அக்கா கொல்லையிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டார். வேப்பமரத்துக் கிளையில் வடம் கட்டித் தெருவே சேர்ந்து இழுத்தது. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு நிறத்து நூலைக் கட்டினார். அது இருந்த இடத்திலும் அதே நிறத்தைக் கட்டினார். "பாவுல ஒரு இழை தப்புனா சேலையே போச்சு சவரி. இதுவும் அம்புட்டுத்தான்" என்றார். நெய்ய நூல் இல்லாத வீட்டில் எஞ்சின் மட்டும் வண்ண வண்ணமாகத் தொங்கியது.

எஞ்சின் முதல் சுற்றிலேயே உறுமியது. அக்கா சூடம் கொளுத்தினார். நான் கிளட்சை மிதித்து, கியரைத் தள்ளினேன். விழவில்லை. கடகடவென்று பல்லைக் கடித்தது. எஞ்சினை நிறுத்தினால் கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது; எஞ்சின் ஓடினால் விழ மாட்டேன் என்கிறது. கியரில் போட்டுவைத்து எஞ்சினைக் கிளப்பிப் பார்த்தேன். மிதித்தால் எஞ்சினின் பிடியை விட வேண்டிய கிளட்சை நான் மிதித்திருக்கும்போதே வண்டி பாய்ந்து கொல்லைச் சுவரை இடித்தது.

பெடல் கம்பியை முறுக்கினோம். கியர் பெட்டியில் எண்ணெயை மாற்றினோம். மேல்மூடியைத் திறந்து பல் பல்லாகப் பார்த்தோம். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பந்தல்குடியிலிருந்து வந்த லாரி மெக்கானிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கியர் பெட்டி போச்சு, வேற பாருங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனார். வேறு கியர் பெட்டிக்கு எங்கே போவது? அக்கா வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். "கெணத்துல விழலாம்னு பாத்தா, இந்த ஊர்ல எந்தக் கெணத்துலயும் தண்ணி இல்லையே சவரி" என்றார். கேட்ட நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு அவரைத் தனியாக விட்டுவிட்டு வீட்டுக்குப் போக எனக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை காலையில் போனபோது வாசலில் பழைய சேலைகளை எடுத்துப்போட்டு மடித்துக்கொண்டிருந்தார். விடிந்தால் பெர்மிட் போகிறது, இவருக்கு மடிப்பு வேலையா என்று எனக்கு ஆத்திரம். "கை சும்மா இருந்தா மனசு கண்டதையும் நெனைக்குது" என்றார். நெய்கிற வீடுகளில் சேலையின் நல்ல முகத்தை உள்ளே வைத்துத்தான் மடிப்பார்கள். அழுக்கும் வெயிலும் பின்பக்கத்தோடு போகட்டும் என்று. நினைவு தெரிந்த நாளிலிருந்து அவர் கை பழகிய வேலை. பாதி மடிப்பில் அந்தக் கை நின்றது.

"ஏப்பா, எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவுல ஒரு வட்டத்தட்டு வச்சோமே, அதுக்கு முகம் உண்டா?"

"கிளட்சுத் தட்டா? அதுக்கு ஏதுக்கா முகம்?"

"ஒரு பக்கம் நடுவுல தூக்கலா, நல்ல வேலைப்பாடா இருந்துச்சு. மறு பக்கம் மொட்டை. நான்தான தொடச்சு மாட்டுனேன். நல்ல பக்கத்தை எஞ்சின் பக்கமா, உள்ள வச்சு மாட்டிட்டேன்."

எனக்கும் விடை தெரியாது. நான் ஓட்டுகிறவன்தானே. ஆனால் செத்த எஞ்சின் கொல்லையில் கிடந்தது. அதன் தட்டு அதிலேயே இருந்தது. ஓடிப்போய்ப் பிரித்துப் பார்த்தோம். தூக்கலான பக்கம் வெளியே, கியர் பெட்டியைப் பார்த்து இருந்தது. புது எஞ்சினில் நாங்கள் வைத்த தட்டோ எஞ்சின் சக்கரத்தில் இடித்துக்கொண்டு, எவ்வளவு மிதித்தாலும் பிடியை விடாமல் இருந்திருக்கிறது. அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "கூறுகெட்ட கழுதை, எஞ்சினைச் சேலைன்னு நெனைச்சுட்டேன்" என்று தன்னையே வீட்டுப் பேச்சுத் தெலுங்கிலும் ஊர்த் தமிழிலும் மாறி மாறித் திட்டினார்.

மறுபடியும் வடம், மறுபடியும் தெரு. கியர் பெட்டியை இறக்கி, தட்டைத் திருப்பிப் போட்டு ஏற்றி முடிக்கையில் பொழுது சாய்ந்துவிட்டது. எஞ்சினைக் கிளப்பினேன். கிளட்சை மிதிக்கவே காலுக்குத் தைரியம் இல்லை. மாதாவை நினைத்துக்கொண்டு கியரைத் தள்ளினேன். ஒரு சத்தமும் இல்லை. சத்தம் வராததால் நான் இன்னும் தள்ளவே இல்லை என்று நினைத்துக்கொண்டு, அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி என்னையே பார்த்தார்.

"விழுந்துருச்சா?"

"விழுந்துருச்சுக்கா."

"அப்ப போ" என்றார். எங்கே போவது? கொல்லைக்குள் நாலடி முன்னால் போய் நின்றேன். அவர் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மறுநாள் மதுரையில் அதிகாரி விளக்கைப் பார்த்தார், ஆரனை அடிக்கச் சொன்னார், வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டச் சொன்னார், கையெழுத்துப் போட்டார். கியரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பும் வழியில் காரியாபட்டி தாண்டுகிற வரைக்கும் அக்காவுக்கு அந்தக் கோபம் அடங்கவில்லை. "எப்படி விழுகுதுன்னு ஒரு தடவை கேட்டா அவரு கிரீடம் எறங்கிருமா?" என்றார்.

அன்றிலிருந்து முதல் டிரிப்புக்கு நான் வண்டியை எடுக்கும்போதெல்லாம் தெருமுனையில் வந்து நிற்பார். "விழுந்துருச்சா?" என்பார். "விழுந்துருச்சுக்கா" என்பேன். "போ" என்பார். மழையில்லை, நூலில்லை, வண்டியில் ஆளில்லை என்று எத்தனையோ காலைகள் விடிந்தன. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் எங்களிடம் நல்ல பதில் இருந்தது.

கடைசிக் காலையிலும் வந்து நின்றார். கேட்டார், சொன்னேன், போகச் சொன்னார். வழக்கத்துக்கு மாறாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன், பெரிதாக நினைக்கவில்லை. விடியுமுன்பே வாந்திபேதி கண்டிருந்தது என்று அவர் மகள் பிறகு சொன்னாள். "சவரி மாமா கிட்ட சொல்லி மதுரை ஆஸ்பத்திரிக்குப் போவோம்மான்னு கெஞ்சுனேன். டிரிப்பு கெட்டுப்போகும், அவன் திரும்பி வரட்டும்னுட்டாக." அவரை ஏற்றிப்போகக் கூடிய ஒரே வண்டியை அவரே கையசைத்து அனுப்பிவிட்டார். இதை நான் எந்தச் சாமியிடம் போய்க் கேட்பது?

காரியம் முடிந்த மறுநாள் மகள் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். வண்டி நின்றால் பெர்மிட் போய்விடும். ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பி, கிளட்சை மிதித்துக் கியரைத் தள்ளினேன். சத்தமே இல்லை. தெருமுனையில் யாரும் இல்லை. வண்டிக்குள் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். அவர் எனக்கென்று விட்டுப்போனது அந்தக் கேள்விதான். இனி அதைக் கேட்க ஆளில்லை. பதிலை மட்டும் நான் வைத்திருக்கிறேன்.

"விழுந்துருச்சுக்கா" என்றேன். போகச் சொல்ல ஆளில்லாமல் கிளட்சை மிதித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.