சவுசவு துறைமேடைக் கணக்கு

ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு என் மனைவியும் மகளும் ஆக்லாந்தில் மைத்துனர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் அந்தத் தீவு நாட்டின் தலைநகரான சுவாவில் மாட்டிக்கொண்டேன். சென்னையிலிருந்து என்னை வரவழைத்த கம்பெனி விடுவிப்புக் கடிதம் தராமல் எனக்கு ஆக்லாந்து போக விசா கிடையாது. சவுசவு என்ற துறைமுக ஊரில் கப்பல் அணையும் துறைமேடை கொப்பரை லாரிகளைத் தாங்குமா என்று கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பு என்றார் மேனேஜர். ஒவ்வொரு போனிலும் மகள் கேட்பாள், கணக்கு முடிந்ததா என்று.

முடிகிற வழியாக இல்லை. மேடையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் பாரத்தால் வரும் அசைவு நேர்கோடாக மாறுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டோம். விடை திருந்த வேண்டுமானால் துண்டுகளைப் பொடியாக்க வேண்டும். பொடியாக்கினால் சமன்பாடுகள் பெருகும். எங்கள் கம்ப்யூட்டர் இடம் போதாமல் பாதியில் நின்றுவிடும். ஊரடங்கு வேறு. சாயங்காலமானால் பஸ் கிடையாது, அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடப்பேன். சுவரைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

அந்த எரிச்சலில்தான் வேறு வழி தோன்றியது. துண்டுகள் பெரிதாகவே இருக்கட்டும். உள்ளே நேர்கோட்டுக்குப் பதில் நான்காம் படி, ஐந்தாம் படிப் பல்லுறுப்புக்கோவையைப் போட்டால் என்ன? தூண்கள் மேடையைத் தொடும் இடங்களில் மட்டும் பொடித் துண்டுகள் போதும். புரோகிராமைப் பிரித்துப் போட்டுத் திருத்தி எழுதினேன். காலையில் ஓட்டியது மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. படியை இன்னும் ஒன்று கூட்டிப் பார்த்தேன், விடை அசையவில்லை. மேடை தாங்கும். வாய்விட்டுச் சிரித்தேன்.

மேனேஜர் அந்த நாட்டுக்காரர்தான், சபேட்டோ என்ற ஊரில் கரும்புத் தோட்டக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் ஹிந்தி, என்னிடம் மட்டும் அவர் தாத்தா காலத்துத் தமிழ். எங்கள் மற்ற இன்ஜினியர்கள் எல்லோரும் அதற்குள் கனடா, ஆஸ்திரேலியா என்று கிளம்பியிருந்தார்கள். இவ்வளவு சீக்கிரம் எப்படி முடித்தாய் என்று கேட்டார். தலைகால் புரியாத பெருமையில் விளக்கினேன்: துண்டுகள் கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொன்றையும் அதிகமாக வளைய வைத்தேன், வேலை அதேதான்.

அவர் காலி மேஜைகளை ஒரு தடவை பார்த்தார்.

"அச்சா தம்பி, நல்லாப் புரியுது. மிச்சம் இருக்கிறது நீ ஒரு ஆளு. போனவங்க வேலையும் நீயே பாத்துருவ. உன்ன இப்ப எப்புடி உடறது?"

கடிதத்தைப் பற்றி அடுத்த வருடம் பேசலாம் என்று சொல்லி, வேறொரு பாலத்தின் வரைபடத்தை என் மேஜையில் விரித்துவிட்டுப் போனார். என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்று போனில் மகள் வழக்கம்போலக் கேட்டாள். முடிந்துவிட்டது என்றேன். அப்படியானால் எப்போது வருவீர்கள் என்றாள். ஊரடங்குக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். வெளியே வெயில் இன்னும் இறங்கவே இல்லை.