அமாவாசையன்று சொன்ன பௌர்ணமி

பத்தாம் வகுப்பு மார்க் வந்த அன்றே என் கணவர் முடிவு செய்துவிட்டார், மகள் பிளஸ் ஒன்னை வெளியூரில் விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும் என்று. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி எங்களுக்கு ஒரு டிபன் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. பௌர்ணமி வந்தால் மைக் செட், அன்னதானப் பந்தல், விடிய விடிய நடக்கிற கூட்டம் என்று வாசலைத் தாண்டி வெளியே கால் வைக்க முடியாது. "இந்த சத்தத்துல புள்ள எப்படி படிக்கும்?" என்று கேட்டார். இந்தச் சத்தத்தில்தானே இத்தனை வருஷமாக அவள் முதல் ரேங்க் வாங்கினாள் என்றேன். காதில் போட்டுக்கொண்டால்தானே.

அவர் பத்தாவதோடு நிறுத்தியவர். ஆனால் மேல்படிப்பு விஷயத்தில் ஊரில் யாரும் அவரிடம் வாய் கொடுக்க முடியாது. கடைக்கு வரும் பேப்பரில் கல்விப் பக்கத்தை முதலில் கிழித்து மடித்து பீரோவில் வைத்துவிடுவார். மீதியில்தான் வடை மடிக்க வேண்டும். கட்-ஆஃப், நீட், கவுன்சலிங் எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. தோசைக்கு உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகளை, "எந்த காலேஜ்? ஹாஸ்டல்ல சாப்பாடு எப்படி? சீனியருங்க தொல்லை உண்டா?" என்று குடைந்து எடுத்துவிடுவார். தோசை ஆறிவிடும். டாக்டராக வேண்டும் என்பது அவர் ஆசை மட்டுமல்ல, மகளின் ஆசையும்தான். அதை மறைத்து எழுதினால் அவருக்கு நியாயம் செய்ததாக ஆகாது.

பள்ளி இரண்டு மாவட்டம் தள்ளி இருந்தது. சேர்த்த முதல் மாதமே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பித்துவிட்டார்கள். வாராவாரம் தேர்வு, மார்க் எங்கள் போனுக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை விடுதிப் போனில் கொஞ்ச நேரம் பேசலாம். மாதம் ஒரு ஞாயிறு போய்ப் பார்க்கலாம். அந்த நாளில் பள்ளி மைதானத்தைப் பார்க்க வேண்டுமே! மரத்துக்கு மரம் ஒரு குடும்பம், கீழே ஒரு பெட்ஷீட், நடுவில் டிபன் கேரியர். அம்மாக்கள் மீசை முளைத்த பையன்களுக்கெல்லாம் ஊட்டிக்கொண்டிருப்பார்கள். முதல் மாதம் நாங்கள் இரண்டு பேரும் போனோம். அவர் இட்லியும் வடகறியும் கட்டி எடுத்துவந்து, அவள் சாப்பிடச் சாப்பிட கெமிஸ்ட்ரி மார்க் ஏன் கம்மி என்று கேட்டுக்கொண்டிருந்தார். "சாப்பிடவாவது வுடுங்க" என்று நான்தான் அதட்டினேன்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு காலை, கல்லில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து கரண்டி நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்த்து உயிரைக் காப்பாற்றினோம். வலது கை விழுந்துவிட்டது. காலை இழுத்து இழுத்து நடக்கலாம். பேச்சு குழறியது. பழகப் பழகக் கொஞ்சம் தெளியும், பொறுமை வேண்டும் என்றார் டாக்டர்.

மூன்று நான்கு முறை முயன்ற பிறகுதான் அவர் முதலில் சொன்ன வார்த்தை எனக்குப் புரிந்தது. "பாப்பாவுக்கு... சொல்லாத."

இது எங்கள் பக்கத்தில் புதிய விஷயம் அல்ல. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் கெட்ட செய்தி எல்லாம் பரீட்சை முடியும்வரை வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். வேங்கிக்காலில் நான் வேலை பார்க்கும் ஆபீஸில் ஒரு அம்மா, தன் அப்பாவின் சாவையே மகனுக்குப் பரீட்சை முடிந்த பிறகுதான் சொன்னார். நாங்கள் எல்லோரும் அவரை எவ்வளவு மெச்சினோம்! அதனால் என் கொழுந்தனார், "காலாண்டு பரீட்ச முடியட்டும் அண்ணி. அந்த மார்க்க வச்சுதான் நீட் பேட்ச் பிரிக்கிறாங்களாம். இப்ப சொன்னா புள்ள ஒடஞ்சிடும்" என்றபோது என் அக்காவும் தலையாட்டினாள், அக்கம்பக்கமும் தலையாட்டியது. பிள்ளை படிக்கட்டும் என்ற இரண்டு வார்த்தைக்கு முன்னால் எந்த வாதமும் நிற்காது. காலாண்டு விடுமுறைக்கு அவள் வரும்போது பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் ஒப்புக்கொண்டேன். அதுவரை அவளுக்கு ஒன்றும் தெரியக் கூடாது, அவ்வளவுதான். அதுவே பெரிய வேலையாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போன் வரும். ஸ்பீக்கரில் போட்டு அவர் பக்கத்தில் வைப்பேன். "அப்பா எங்கம்மா?" என்பாள். "கடையில கூட்டம்டி" என்பேன். உண்மையில் கடையைக் கொழுந்தனார்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் கட்டிலில் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு மகள் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு தடவை, "ஒரு வார்த்த பேசுங்களேன், எப்படியாவது சமாளிச்சுக்கலாம்" என்று சைகை காட்டினேன். இடது கையால் போனைத் தள்ளிவிட்டார்.

ஆடியில் தனியாகப் பார்க்கப் போனேன். அன்று நிஜமாகவே பௌர்ணமி. "அப்பா கடைய வுட்டு அசைய முடியல" என்றேன். "ஜாஸ்தி கூட்டமாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சிரித்தாள். பொய் சொல்வது இவ்வளவு சுலபமா என்று திரும்பி வரும்போது எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

அடுத்த முறை ஏதோ தேர்வு என்று சந்திப்பு நாளை இரண்டு வாரம் தள்ளிப்போட்டார்கள். அது அமாவாசையில் வந்து விழுந்தது. அமாவாசை தவறாமல் என் மாமனார் மாமியாருக்கு இலை போட்டுப் படைப்பது வீட்டு வழக்கம். பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்று காலையிலேயே அவசர அவசரமாகப் படைத்துவிட்டு, அந்த வடையையும் பாயசத்தையும் கேரியரில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மரத்தடியில் உட்கார்ந்து, மூடியைத் திறந்துகொண்டே, போன மாதம் சொன்னதையே சொன்னேன். "அப்பாவுக்கு பௌர்ணமி வியாபாரம்மா. எள்ளு போட்டா எள்ளு விழாது."

கையில் அமாவாசைச் சாப்பாடு, வாயில் பௌர்ணமி வியாபாரம். சொல்லும்போது எனக்கு உறைக்கவே இல்லை. சொன்னதோ கிரிவலப் பாதையிலேயே பிறந்து வளர்ந்தவளிடம். காலண்டர் பார்க்காமல் நாள் சொல்லுவாள். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வடையில் பாதியைத் தின்றாள், பாயசத்தைத் தொடவில்லை. விடுதிச் சாப்பாட்டில் வயிறு கெட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஓம வாட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் அப்பாவைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். "சாப்டியாம்மா? ஒடம்பு நல்லா இருக்கா? வைக்கிறேன்." அவ்வளவுதான். ஆனால் மார்க் மட்டும் ஏறிக்கொண்டே போனது. பிசிக்ஸ் ஏறியது, கெமிஸ்ட்ரி ஏறியது, கடைசியில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தாள். குறுஞ்செய்தி வரும்போதெல்லாம் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். கோணிய வாயோடு சிரிப்பார். "பாத்தீங்களா அண்ணி, சொல்லாம வுட்டதால தான்" என்று கொழுந்தனார் மார்தட்டிக்கொண்டார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. விடுதிக் காப்பாளர் அம்மா ஒருநாள், "நல்லா படிக்கிறாங்க. ஆனா யார்கூடவும் பேசறதே இல்லைங்க" என்று சொன்னபோதுகூட, பொறுப்பு வந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொண்டேன். மார்க் நன்றாக வருகிற பிள்ளையைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்?

காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய ஞாயிறு மூன்றாவது முறையாகத் தனியாகப் போனேன். இந்தத் தடவை ஜுரம் என்று சொல்லிவிடுங்கள் என்று கொழுந்தனார் சொல்லி அனுப்பியிருந்தார். பஸ்ஸில் அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். பெட்ஷீட்டை விரித்தேன். தட்டில் சோற்றைப் போட்டுப் பிசைந்தேன். அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மரத்தடியில் ஒரு குடும்பம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது.

"ம்மா, அப்பா எப்ப செத்தாரு?"

அழவில்லை. குரல்கூட உயரவில்லை. பரீட்சை எப்போது என்று கேட்பதைப் போலக் கேட்டாள். பிசைந்த கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அய்யோ, என்ன பேச்சு இது, அப்பா இருக்கிறாரடி என்று பதறினேன். அவள் தலையை ஆட்டினாள்.

"அமாவாசைக்கு வந்து பௌர்ணமி வியாபாரம்னு சொன்ன. கேரியர்ல வடையும் பாயசமும் வச்சிருந்த. தாத்தா பாட்டியோட இன்னும் யாருக்குப் படைச்சதுனு அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பரீட்ச முடிஞ்சதும் சொல்லுவீங்கனுதான் கேக்காம இருந்தேன்."

"இங்க பாருடி, என்னப் பாரு. நெத்தியில பொட்டு இருக்கு, கழுத்துல தாலி இருக்கு. அப்பா இல்லன்னா இதெல்லாம் இருக்குமா?" என்றேன்.

"எனக்குத் தெரியக் கூடாதுனு வச்சுக்கிட்டு வந்திருக்கலாம்ல."

வேறு எந்த ஏச்சையும் நான் தாங்கியிருப்பேன். தாலியையே சாட்சியாகக் காட்டியும் நம்ப முடியாத ஒரு தாயாக, நாங்கள் எல்லோரும் சேர்ந்து என்னை ஆக்கிவைத்திருந்தோம். இத்தனை நாளும் இந்தப் பெண் அப்பா செத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, அவர் ஆசைப்பட்டாரே என்பதற்காகத்தான் படித்திருக்கிறாள். நாங்கள் வீட்டில் மார்க்கை வாசித்து வாசித்துச் சந்தோஷப்பட்டிருக்கிறோம்.

எச்சில் கையோடு போனை எடுத்து வீடியோவில் கொழுந்தனாரைக் கூப்பிட்டேன். "உங்க அண்ணன்கிட்ட குடுங்க. எதுவும் பேசாதீங்க, குடுங்க" என்று கத்தினேன். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே. திரையில் கட்டில் தெரிந்தது, பிறகு அவர் தோள் தெரிந்தது. மகளைக் கண்டதும் சட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ப்பா, திரும்பு. என்னப் பாரு ப்பா."

மெதுவாகத் திரும்பினார். கோணிய வாய், மழிக்காத தாடி, கழுத்தில் துண்டு. ஏதோ சொன்னார். எனக்கே சரியாகப் புரியவில்லை. அவள் உற்றுக் கேட்டாள். "புரியுது ப்பா. சாப்ட்டேன். நீ சாப்ட்டியா?" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். அப்படி ஒரு அழுகையை அவள் குழந்தையாக இருந்தபோதுகூட நான் கேட்டதில்லை. பக்கத்து மரத்தடியில் இருந்த அம்மா எழுந்து வந்து, ஒன்றும் கேட்காமல் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள்.

காலாண்டுத் தேர்வை எழுதினாள். மார்க் குறைந்தது. நீட் பேட்சில் இடம் கிடைக்கவில்லை. கொழுந்தனார் என்னோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

விடுமுறைக்கு வந்தவள் இரண்டு நாள் அப்பா கட்டிலை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் அவர் பழையபடி ஆரம்பித்தார். பீரோவைக் காட்டி, கல்விப் பக்கங்களை எடுக்கச் சொல்லி, இடது கை விரலால் ஒவ்வொரு கல்லூரியாகத் தொட்டுக் காட்டினார். மருத்துவம் கிடைக்காவிட்டால் நர்சிங்காம். பிசியோதெரபியாம். சென்னையாம், கோயம்புத்தூராம். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எல்லாவற்றையும் மடித்து ஓரமாக வைத்தாள்.

"நீ எந்த ஊரச் சொன்னாலும் போறேன் ப்பா. பழையபடி படிக்கிறேன். ஆனா வீட்ல இன்னா நடந்தாலும் அன்னிக்கே எனக்குச் சொல்லணும். பரீட்ச நடுவுல இருந்தாலும் சொல்லணும். சத்தியம் பண்ணு" என்று உள்ளங்கையை நீட்டினாள்.

இடது கையால் சத்தியம் செய்யும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அவர் தன் வலது கையை இடது கையால் தூக்கினார். தூக்கிக்கொண்டு வந்து அவள் கையில் வைத்தார். அது பாதி நழுவியது, அவள் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு என் பக்கம் திரும்பி, எனக்கும் கையை நீட்டினாள்.

எனக்கு இரண்டு கையும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் உடனே எடுத்து வைக்க முடியவில்லை. பிளஸ் டூ முடித்து அவள் எழுதும் நுழைவுத் தேர்வுக்கு முதல் நாள் இந்த வீட்டில் ஏதாவது நடந்தால் நான் அவளுக்குப் போன் செய்வேனா என்று யோசித்தேன். அவள் கையை மடக்கவில்லை. நான் யோசிப்பதைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள். வைத்தேன். ஆனால் வைப்பதற்கு முன் நான் தயங்கியதை அவள் பார்த்துவிட்டாள்.